எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருமுறை கியர் போட்டுப் பாருங்கள்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் கார் ஓட்டியிருக்கிறவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பக்கம் காயல், காயலை ஒட்டிப் பழைய பண்டகசாலைகள், எதிர்ப்பக்கம் கடைகள். நடுவில் ஒரு லாரி மூட்டை இறக்க நின்றுவிட்டால், எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும் பின்னால் போய்த்தான் ஆகவேண்டும். பதினான்கு வருஷமாக இந்த ரோட்டில் ஒரு ஏலக்காய்க் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சொந்த ஊர் போடிநாயக்கனூர். மாதம் ஒரு தடவையாவது அம்மாவைப் பார்க்க மூணாறு வழியாகப் போடிமெட்டு மலைப்பாதையில் இறங்குவேன். என்னுடைய பழைய சின்னக் கார் அப்படித்தான் எண்பதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியது.

ஒரு வருஷம் ஜூலை மாதம், நல்ல மழை. சுக்கு மூட்டை ஏற்றிய லாரி எதிரே வந்து நின்றது. நான் இருபதடி பின்னால் போய்ச் சந்துக்குள் ஒதுங்கினால் அது போய்விடும். கிளட்சை முழுக்க மிதித்து ரிவர்ஸ் போட்டேன். கர்ர்ர் என்று ஒரு அலறல். மறுபடி போட்டேன், மறுபடி அதே அலறல். பின்னால் ஆட்டோக்கள் சேர்ந்துவிட்டன. சுமை தூக்குகிற அண்ணன் ஒருவர் பானெட்டைத் தட்டி, "பிறகோட்டு, பிறகோட்டு" என்று பின்னால் போகச் சைகை காட்டுகிறார். பதற்றத்தில் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டேன். கை கியர்க் கம்பியிலேயே இருந்தது. எந்த முரண்டும் இல்லாமல், வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி ரிவர்ஸ் விழுந்தது. கிளட்சை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தேன். வண்டி பின்பக்கமாக ஒரு இழு இழுத்துவிட்டு நின்றது.

வியாதி என்ன என்பதை வண்டி அந்த அரை நிமிஷத்திலேயே சொல்லிவிட்டது. அதைப் புரிந்துகொள்ள எனக்குத்தான் அப்போது தெரியவில்லை.

எர்ணாகுளம் பக்கம் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். பையன் ஒருவன் உட்கார்ந்து இரண்டு தடவை கியரை ஆட்டிப் பார்த்தான். "கியர்பாக்ஸ் இறக்கணும் மேடம். சிங்க்ரோ போயிருக்கு. முப்பத்தெட்டாயிரம் ஆகும்" என்றான். கூடவே, "லேடீஸ் எல்லாம் ஹாஃப் கிளட்ச்லயே ஓட்டுவாங்க, அதான்" என்றும் சொன்னான். பணத்தைவிட அந்த இரண்டாவது வாக்கியம்தான் எனக்கு வலித்தது. பதினேழு கொண்டை ஊசி வளைவுள்ள மலைப்பாதையில் பத்து வருஷமாக ஏறி இறங்குகிறவளிடம், வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காத ஒருவன் சொன்ன வார்த்தை அது. வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

சுள்ளிக்கல் தாண்டி ஒரு சந்தில் ஒரு பெரியவர் பட்டறை வைத்திருக்கிறார். இங்கே முஸ்லிம் பெரியவர்களை இக்கா என்றுதான் கூப்பிடுவோம், இந்தப் பதிவிலும் அவர் இக்காவாகவே இருக்கட்டும். இளம் வயதில் கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர், அதனால் நல்ல தமிழ் பேசுவார். அவர் பானெட்டைத் திறக்கவில்லை. டீ சொல்லிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"எஞ்சின் ஓடும்போது மட்டும் கியர் விழலையா, நிறுத்தினாலும் விழலையா?"

"எல்லா கியரும் இறுக்கமா, ஒரே ஒரு கியர் மட்டுமா?"

"காலையில முதல்ல எடுக்கும்போதா, சூடானதுக்கு அப்புறமா?"

"மிதி எங்க பிடிக்குது மோளே, மேலயா தரையிலயா?"

"சத்தம் இருக்கா? மிதிக்கும்போது வருதா, காலை எடுத்தா வருதா?"

எஞ்சினை நிறுத்தினால் விழுகிறது என்றேன். அவர் சிரித்தார். "அப்போ கியர்பாக்ஸை எதுக்கு இறக்கணும்? அது நல்லாத்தானே இருக்கு. கிளட்ச் விடமாட்டேங்குது, அவ்வளவுதான்."

அன்றைக்கு அவர் சொன்னதையும், அதற்குப் பிறகு நானே படித்தும் கேட்டும் ஓட்டியும் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே எழுதப்போகிறேன். ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாமல், கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்று வண்டிக்காரரே முக்கால்வாசி கண்டுபிடித்துவிடலாம். கணக்கில் ஐந்நூறு ரூபாய் உதைத்தால், எடுத்தவுடன் பேரேடு முழுவதையும் நான் கிழித்துப் போட மாட்டேன். வரவுப் பக்கமா, செலவுப் பக்கமா என்றுதான் முதலில் பார்ப்பேன். வண்டிக்கும் அதே வழிதான்.

கிளட்சுக்கு இரண்டே வேலை. பிடிக்க வேண்டும், விட வேண்டும். எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிற கனமான சக்கரம் ஃபிளைவீல். அதன் முகத்தில் பிரஷர் பிளேட் ஒரு வலுவான ஸ்பிரிங்கின் பலத்தில் அழுத்துகிறது. இரண்டுக்கும் நடுவே, அப்பளம் மாதிரி, கிளட்ச் பிளேட். அந்த அப்பளம்தான் கியர்பாக்ஸின் தண்டோடு கோத்திருக்கிறது. மிதியிலிருந்து கால் எடுத்திருக்கும்போது மூன்றும் ஒன்றாக ஒட்டிச் சுற்றும், எஞ்சினின் சக்தி சக்கரத்துக்குப் போகும். நாம் மிதித்தால் ரிலீஸ் பேரிங் முன்னே போய் ஸ்பிரிங்கின் விரல்களை அழுத்தும். பிரஷர் பிளேட் விலகி, அப்பளம் விடுபடும். எவ்வளவு விலகும் என்று நினைக்கிறீர்கள்? ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். நம் கால் அத்தனை தூரம் போய், கடைசியில் கிடைப்பது அவ்வளவுதான். இந்த ஒரு மில்லிமீட்டரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேபிள் கொஞ்சம் நீண்டுபோனாலும், குழாயில் கொஞ்சம் எண்ணெய் கசிந்தாலும், கொஞ்சம் காற்று புகுந்தாலும் முதலில் காணாமல் போவது இந்த இடைவெளிதான். மிதி என்னவோ தரை வரைக்கும் போகும், ஆனால் பிளேட் முழுதாக விடுபடாது. கியர்பாக்ஸின் தண்டு உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றுகிற பல்லில் நிற்கிற பல்லைக் கொண்டுபோய் மாட்டினால் அலறத்தானே செய்யும்?

சரி, ஏன் முதலில் ரிவர்ஸ் அலறுகிறது? முன்னால் போகிற கியர்களில் சிங்க்ரோ என்கிற பித்தளை வளையம் உண்டு. பற்கள் கோத்துக்கொள்வதற்கு முன்னால் இரண்டு பக்க வேகத்தையும் அது உரசிச் சமப்படுத்தும். பெரும்பாலான சின்னக் கார்களில் ரிவர்ஸுக்கு அந்த வசதி கிடையாது. அதனால் கிளட்ச் சரியாக விடவில்லை என்பதை மற்ற கியர்கள் கொஞ்ச நாள் மறைத்துவைக்கும், ரிவர்ஸ் மறைக்காது. இதையே சோதனையாகவும் வைத்துக்கொள்ளலாம். சமதளத்தில் எஞ்சினை ஓடவிட்டு, கிளட்சை முழுக்க மிதித்து, நான்கைந்து விநாடி பொறுத்திருங்கள். நல்ல கிளட்சாக இருந்தால் அதற்குள் தண்டு சுற்றுவதை நிறுத்தியிருக்கும், ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழும். அவசரமாகப் போட்டால் நல்ல வண்டியும் ஒரு முனகல் முனகும், அதைக் கோளாறு என்று எண்ணவேண்டாம். பொறுத்துப் போட்டும் அலறினால் கிளட்ச் விடவில்லை. இன்னொரு அடையாளமும் உண்டு. முதல் கியர் போட்டு மிதித்தே வைத்திருக்கும்போது வண்டி மெல்ல நகர்ந்தால் அதுவும் இதே வியாதிதான். பஜார் ரோட்டில் நான் ஸ்டார்ட் செய்தபோது வண்டி பின்னால் இழுத்ததே, ஞாபகம் இருக்கிறதா?

இக்கா என்னை உட்காரவைத்து, "மிதியைப் பம்பு அடிக்கிற மாதிரி ஆறு தடவை மிதி, ஏழாவது தடவை வச்சுக்க, இப்போ போடு" என்றார். ரிவர்ஸ் விழுந்தது! பம்பு அடித்தால் சரியாகிறது என்றால் பிளேட்டில் கோளாறு இல்லை, பிளேட்டை அசைக்கிற எண்ணெய்க் குழாய் வழியில்தான் கோளாறு. என் வண்டியில் மிதிக்குப் பக்கத்தில் ஒரு மாஸ்டர் சிலிண்டர், கியர்பாக்ஸின் மேல் ஒரு ஸ்லேவ் சிலிண்டர். அதன் பிறகுதான் பானெட்டைத் திறந்தார். ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் விலக்கியதும் உள்ளேயிருந்து எண்ணெய் சொட்டியது. புது சிலிண்டர், புது எண்ணெய், காற்றை வெளியேற்றிய கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்து எழுநூறு ரூபாய். முப்பத்தெட்டாயிரத்துக்கும் ஆயிரத்து எழுநூறுக்கும் நடுவே இருந்தது ஐந்து கேள்விகள்தான்.

கேபிள் வண்டி வைத்திருப்பவர்கள், அதாவது பழைய மாருதி 800 மாதிரியான வண்டிக்காரர்கள், எண்ணெய்க்குப் பதில் கேபிளைப் பார்க்க வேண்டும். மிதி நாளுக்கு நாள் கனமாகிறது என்றால் பெரும்பாலும் கேபிள் உள்ளுக்குள் துருப்பிடித்து உரசுகிறது என்று அர்த்தம். கொச்சிக் காற்றில் உப்பும் ஈரமும் எப்போதும் உண்டு. வேலியேற்றம் என்று இங்கே சொல்கிற ஓதம் ஏறுகிற நாட்களில் மேற்குக் கொச்சியின் தாழ்வான சந்துகளில் உப்புத் தண்ணீரே ஏறிவிடும். அதில் ஓட்டிக்கொண்டு போனால் கேபிளுக்கு ஆயுசு குறையும். ஒரு இழை அறுந்தால் மற்ற இழைகளும் சீக்கிரமே அறுந்துவிடும். மிதி கனத்தால் தள்ளிப்போடாதீர்கள். கொச்சி பி.ஓ.டி. பாலத்தின் மேல் கேபிள் அறுந்து நின்ற ஒரு தோழிக்காக நான் மழையில் நின்றிருக்கிறேன்.

இது வரை சொன்னது விடாத கிளட்ச். பிடிக்காத கிளட்ச் வேறு மாதிரி.

நான்கு வருஷத்துக்கு முன்னால் போடியிலிருந்து திரும்பி வருகிறேன். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏற்றம். மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்துகிறேன், எஞ்சின் உறுமுகிறது, முள் ஏறுகிறது, வண்டியின் வேகம் மட்டும் ஏறவில்லை. கூடவே ஒரு கருகல் வாசனை. பஜார் ரோட்டில் வேலை பார்க்கிறவளுக்கு மூக்கு கொஞ்சம் கூர்மைதான். சுக்கு, மிளகு, ஏலம் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இந்த வாசனை அட்டைப்பெட்டியும் ரப்பரும் சேர்ந்து கருகுகிற மாதிரி இருந்தது. பிளேட்டின் மேல்பூச்சு தேய்ந்து வழுக்குகிறது, வழுக்கி வழுக்கிச் சூடாகி எரிகிறது. இதற்கு மெக்கானிக் வேண்டாம், மூக்கும் காதும் போதும். இருந்தாலும் உறுதி செய்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது. முன்னால் ஆளோ சுவரோ இல்லாத சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, ஒரு கால் பிரேக்கில் தயாராக இருக்க, நான்காவது கியர் போட்டுக் கிளட்சை மெல்ல விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் உடனே திணறி அணைந்துவிடும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் பிடிக்கவில்லை. ஒரு தடவை செய்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கிற பூச்சையும் நீங்களே எரித்துவிடுவீர்கள்.

பிளேட் மாற்றும்போது ஒரு விஷயத்தைக் கண்ணால் பாருங்கள். பழைய பிளேட் காய்ந்து தேய்ந்திருக்கிறதா, எண்ணெய் படிந்திருக்கிறதா? எண்ணெய் படிந்திருந்தால் எஞ்சினின் பின்பக்க ஆயில் சீலோ கியர்பாக்ஸின் சீலோ கசிகிறது. சீலை மாற்றாமல் புதுப் பிளேட்டை மட்டும் போட்டால் அதுவும் சீக்கிரமே நனைந்து வழுக்கும். முதல் கியரில் எடுக்கும்போது வண்டி நடுங்கி நடுங்கி நகர்வதற்கும் இந்த எண்ணெய் ஒரு காரணம். எஞ்சின் மவுண்ட் ரப்பர் கிழிந்திருந்தாலும் அதே நடுக்கம் வரும், அதை மேலேயிருந்தே பார்த்துவிடலாம். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுவதுதான் நல்லது. கூலி கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதற்குத்தான், மூன்று தடவை இறக்கி மூன்று கூலி ஏன் கொடுக்க வேண்டும்? பழைய வண்டிகளின் பிளேட்டில் கல்நார் இருக்கலாம். தூசியைக் காற்றடித்து ஊதச் சொல்லாதீர்கள். பட்டறையில் இருக்கிற பையன்களின் நுரையீரலுக்குள்தான் அது போகும்.

சத்தத்தைப் பற்றி இக்கா கேட்டாரே, அதற்கு வருகிறேன். நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டுக் கவனியுங்கள். கிளட்சை மிதித்ததும் 'ஸ்ஸ்ர்' என்று ஒரு கீச்சல் தொடங்கினால் ரிலீஸ் பேரிங். காலை எடுத்திருக்கும்போது ஒரு இரைச்சல் இருந்து, மிதித்ததும் அது அடங்கிவிட்டால் கியர்பாக்ஸின் உள்ளே தண்டைத் தாங்குகிற பேரிங். மிதித்தால் வருவது ஒன்று, மிதித்தால் போவது இன்னொன்று. இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லத் தெரிந்தால் உங்களை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

உண்மையிலேயே கியர்பாக்ஸ் கெட்டுப்போனால் எப்படித் தெரியும்? ஒரே ஒரு கியர் மட்டும் மக்கர் செய்யும். மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போது மட்டும் 'கர்க்', மற்றதெல்லாம் சுத்தம் என்றால் அந்த இரண்டாவதின் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. எல்லாக் கியருமே ஒரே நாளில் கெட்டுப்போனதாக யாராவது சொன்னால் நம்பவேண்டாம். முதலில் கிளட்சைப் பார்க்கச் சொல்லுங்கள், அடுத்து கியர்க் கம்பியையும் கியர்பாக்ஸையும் இணைக்கிற கேபிளையும் அதன் புஷ்களையும் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சினை நிறுத்தின பிறகும் கியர் விழவில்லை என்றால் பெரும்பாலும் கோளாறு அந்த இணைப்பில்தான். கியர்க் கம்பி கஞ்சிக்குள் கரண்டி மாதிரி தொளதொளவென்று ஆடினாலும் அதேதான். புஷ் என்பது ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ செய்த ஒரு சின்ன வளையம்.

மூணாறில் ஒரு ஜனவரி விடிகாலை. புல்லின் மேல் உறைபனி. இரண்டாவது கியர் விழவே மாட்டேன் என்றது. அடிமாலி இறங்குவதற்குள் தானாகச் சரியாகிவிட்டது. குளிரில் கியர் ஆயில் கெட்டியாகி, சிங்க்ரோ வளையத்தால் அதைத் தள்ள முடியவில்லை. சூடானதும் இளகிவிட்டது. இதற்குக் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டியதில்லை. கொச்சியில் இருக்கும்போது இந்த அறிகுறி வரக்கூடாது, இங்கே எண்ணெய் கெட்டியாகிற குளிர் ஏது? கொச்சி வெயிலிலும் காலையில் இறுக்கமாக இருந்தால், ஆயில் பழையதா, தவறான கிரேடா என்று பாருங்கள். கியர் ஆயில் டப்பாவில் ஜி.எல். 4, ஜி.எல். 5 என்று போட்டிருக்கும். எண் பெரிதாக இருப்பதால் ஐந்துதான் உயர்ந்தது என்று சில கடைக்காரர்கள் தருவார்கள். பல ஜி.எல். 5 ஆயில்களில் கந்தகச் சேர்மானம் அதிகம், அது பித்தளை சிங்க்ரோவை அரிக்கக்கூடும். உங்கள் வண்டியின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதை மட்டும் வாங்குங்கள்.

சிங்க்ரோ வந்ததே 1928இல்தான், அமெரிக்காவில், கேடிலாக் கார்களில். அதே 1928இன் மே மாதம்தான் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ ஆழப்படுத்திய கால்வாய் வழியாக 'பத்மா' என்கிற கப்பல் கொச்சியின் உள்துறைமுகத்துக்குள் முதன்முதலில் நுழைந்தது. ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் வில்லிங்டன் தீவைத் தாண்டிக் கியர் மாற்றும்போதெல்லாம் எனக்கு இரண்டும் சேர்ந்தே ஞாபகத்துக்கு வரும். சிங்க்ரோ வருவதற்கு முன்னால் ஓட்டியவர்கள் எல்லோரும் காதாலேயே கியர் போட்டவர்கள்.

என் சித்தப்பாவும் அப்படித்தான். போடியிலிருந்து விடியற்காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு ஏலத்தோட்டங்களுக்குப் போகும் ஜீப்பை ஓட்டியவர். அந்தப் பழைய ஜீப்பின் முதல் கியருக்குச் சிங்க்ரோ கிடையாது. ஓடும்போது அதற்கு இறக்க வேண்டுமென்றால் டபுள் கிளட்ச்தான். மிதித்து நியூட்ரலுக்கு வருவார், காலை எடுப்பார், ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டி எஞ்சின் வேகத்தை ஏற்றுவார், மறுபடி மிதித்து முதல் கியரைப் போடுவார். இமைக்கிற நேரத்தில் முடிந்துவிடும். ஒரு சமயம் என் காரின் சிங்க்ரோ தேய்ந்திருந்தபோது, பழுது பார்க்கப் பணம் சேரும்வரை இரண்டாவது கியரை நான் இப்படித்தான் போட்டு ஓட்டினேன். இது கோளாறைக் கண்டுபிடிக்கவும் உதவும். டபுள் கிளட்ச் போட்டால் ஒரு கியர் சத்தமில்லாமல் விழுகிறது, சாதாரணமாகப் போட்டால் அலறுகிறது என்றால் குற்றவாளி அந்தக் கியரின் சிங்க்ரோதான்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது கியர் தெறிப்பது. இறக்கத்தில் இரண்டாவது கியரில் வருகிறீர்கள், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கம்பி தானாக நியூட்ரலுக்குத் துள்ளுகிறது. எஞ்சின் பிடித்துவைத்திருந்த வண்டி சட்டென்று விடுபட்டு ஓடும். உள்ளே பற்களின் முனை மழுங்கியிருக்கலாம், கியரை நகர்த்துகிற ஃபோர்க் தேய்ந்திருக்கலாம், எஞ்சின் மவுண்ட் தளர்ந்திருக்கலாம். காரணம் எதுவானாலும் அந்த வண்டியோடு மலை இறங்கக்கூடாது. மற்றக் கியர்பாக்ஸ் கோளாறுகளோடு ஒரு வாரம் ஓட்டலாம், இதோடு ஒரு வளைவுகூட வேண்டாம். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் மலையிறங்குகிறவர்களையும் கிளட்சை மிதித்துக்கொண்டே இறங்குகிறவர்களையும் நான் போடிமெட்டில் பார்க்கிறேன். பிரேக் சூடேறி வேலை செய்யாமல் போனால் பிறகு பிடித்துக்கொள்ள ஒன்றுமே இருக்காது. "கியர நம்பி இறங்கு தாயி" என்று சித்தப்பா ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான் வழியனுப்புவார்.

கொச்சிக்காரர்களுக்காகத் தனியாக ஒன்று. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. என் கார் தகரக் கூரைக்குக் கீழே மூன்று மாதம் நின்றது. ஜூனில் மழை பிடித்த பிறகு எடுத்தால், எஞ்சின் ஓடுகிறது, மிதி வழக்கம்போல இறங்குகிறது, ஒரு கியரும் விழவில்லை. கியரில் போட்டு ஸ்டார்ட் செய்தால் வண்டி முன்னால் குதிக்கிறது. ஈரத்தில் ஃபிளைவீல் துருப்பிடித்து, கிளட்ச் பிளேட் அதோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. மிதியில் இருந்த சக்தியெல்லாம் பிரஷர் பிளேட்டை விலக்கியது, அப்பளம் மட்டும் உரிந்து வரவில்லை. கோளாறு மெல்ல மெல்ல வரவில்லை, நின்ற வண்டியில் ஒரே நாளில் வந்தது. இந்த வியாதிக்கு அதுதான் அடையாளம். இக்கா ஒரு ஞாயிறு விடிகாலையில் வந்தார். எஞ்சினை நன்றாகச் சூடேற்றி நிறுத்தினார். ஆளில்லாத நேரான ரோட்டில் இரண்டாவது கியர் போட்டு, கிளட்சை முழுக்க மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தார். வண்டி நகர்ந்ததும் ஆக்சிலேட்டரை அழுத்துவதும் விடுவதுமாகக் குலுக்கினார். நூறடி போவதற்குள் 'டக்' என்று ஒரு சத்தம், பிளேட் விடுபட்டுவிட்டது. இதைத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் நீங்கள் செய்யவேண்டாம், பிரேக் நன்றாக இருக்கிற வண்டியிலும் வெற்றுச் சாலையிலும் மட்டுமே செய்கிற காரியம் அது. அப்படியும் விடாவிட்டால் கியர்பாக்ஸை இறக்கித் துருவைத் தேய்த்துத்தான் ஆகவேண்டும். எங்கள் ஊரில் டிராக்டரை மழைக்காலத்தில் நிறுத்துகிறவர்கள் கிளட்ச் மிதியை அழுத்தி ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து வைப்பார்கள். பிளேட் ஒட்டிக்கொள்ளக்கூடாது என்பதற்காகத்தான். காருக்கு அவ்வளவு வேண்டாம். மழைக்காலத்தில் வெளியூர் போனால் வாரம் ஒருமுறை யாரையாவது ஸ்டார்ட் செய்து பத்துத் தடவை கிளட்சை மிதித்துவிடச் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஓட்டுகிற பழக்கத்தில் இரண்டே இரண்டை மட்டும் சொல்கிறேன். பி.ஓ.டி. பாலத்தின் ஏற்றத்தில் நெரிசலில் நிற்கும்போது வண்டி பின்னால் உருளாமல் இருக்க ஹாஃப் கிளட்சில் தாங்கி நிறுத்துவது ஆண், பெண் எல்லோரிடமும் இருக்கிற பழக்கம். ஹேண்ட் பிரேக் அதற்குத்தான் இருக்கிறது. அங்கே நிற்கிற ஐந்து நிமிஷத்தில் தேய்கிற அளவுக்குப் பிளேட், நேரான ரோட்டில் ஒரு நாள் முழுக்க ஓட்டினாலும் தேயாது. அடுத்தது, கியர்க் கம்பியின் மேல் கையை ஓய்வாக வைத்துக்கொள்வது. அந்தக் கையின் பாரம் உள்ளே ஃபோர்க்கை, சுற்றிக்கொண்டிருக்கிற வளையத்தின் மேல் சதா அழுத்திக்கொண்டிருக்கிறது.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது உதிரிபாகத்தின் பெயரைச் சொல்லாதீர்கள். "கிளட்ச் பிளேட் போச்சு, மாத்துங்க" என்று நீங்களே தீர்ப்புச் சொன்னால், அவர்களும் மாற்றிவிட்டுக் காசு வாங்கிக்கொள்வார்கள். உண்மையான கோளாறு அப்படியே இருக்கும். டாக்டரிடம் சொல்கிற மாதிரி அறிகுறிகளைச் சொல்லுங்கள்: நிறுத்தினால் விழுகிறது, ஓடும்போது விழவில்லை, பம்பு அடித்தால் சரியாகிறது, மிதித்தால் சத்தம் வருகிறது. குறிப்பாகப் பெண்களுக்குச் சொல்கிறேன், இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எழுதிக்கொண்டு வருகிறவரிடம் பேச்சு மாறுவதை நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று, எனக்கு இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். ஸ்லேவ் சிலிண்டரை மாற்றிய பிறகு இக்கா பானெட்டுக்குள் ஒரு வெள்ளை டப்பாவைக் காட்டினார். என் வண்டியில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் எண்ணெய் ஒரே டப்பாவிலிருந்துதான் போகிறது. பல கார்களில் அப்படித்தான். கிளட்சுக்குப் போகிற குழாய் டப்பாவில் மேலே இருக்கும், பிரேக்குக்குப் போவது கீழே. எண்ணெய் குறைந்தால் முதலில் கிளட்ச் போகட்டும், பிரேக் கடைசிவரை நிற்கட்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அதாவது உங்கள் கிளட்ச் மிதி திடீரென்று தொளதொளவென்று இறங்கினால், கசிவு கிளட்சில் இல்லாமல் பிரேக் குழாயில்கூட இருக்கலாம். எண்ணெயை ஊற்றி நிரப்பிவிட்டு ஓட்டிவிடாதீர்கள், எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்த பிறகு எடுங்கள். இந்த டப்பாவில் ஊற்றுகிற டாட் 3, டாட் 4 எண்ணெய்கள் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும். கொச்சி மாதிரி ஊரில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். நாளைக் காலையில் வண்டி எடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் பானெட்டைத் திறந்து அந்த டப்பாவில் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவே எண்ணெய் நிற்கிறதா என்று பாருங்கள். கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தால் அன்றைக்கு ஆட்டோவில் போங்கள்.